ஜூலை பத்து, நாலாம் லைன்

நூர்ஜஹான் அக்கா எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். அன்று காலை கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தவள், வலது பக்கச் சுவரில் இருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. இன்னொரு கையின் விரல் பலகைமேல் நகர்ந்துகொண்டிருந்தது. "சிப்... பாய்... கள்..." என்று வாய்விட்டுப் படித்தாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் அசையவில்லை.

எழுதியவள் நான்தான். ஈரத்துணியால் துடைத்த பலகை அப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது. மங்கலாக இருந்த சாக்பீஸ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு படிப்பதுபோல அக்கா படித்தாள்.

"தோலுன்னு போட்டிருக்கியே ஸ்டெல்லா, நம்ம தைக்கிறோமே, அந்தத் தோலா?"

"தோல்தான்க்கா. தொப்பில வெச்சுத் தெச்ச தோல்."

"வேணான்னுட்டாங்களா?"

"தலையில வெக்க மாட்டோம்னுட்டாங்க."

பெல் அடித்தது. நான் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். போகிற வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். மத்தியானத்துக்குள் நடந்ததற்கெல்லாம் காரணம் நான் என்று ஆபீசில் முடிவு கட்டினார்கள். அந்தப் பெருமை நூர் அக்காவுக்குப் போகவேண்டியது. இத்தனை வருஷம் கழித்தாவது அதை எழுதிவிடுகிறேன்.

போன வாரம் இந்தத் தொடரில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையை எழுதியிருந்தேன் இல்லையா? அதைப் படித்துவிட்டு என் பக்கத்து மெஷின்காரி கோமதி போன் செய்தாள். "சீட்டுச் சண்டையெல்லாம் எழுதற, டோக்கன் விஷயத்தை எப்போ எழுதப் போற? நான் செத்ததுக்கு அப்புறமா?" என்று கேட்டாள். கோமதிக்கு நாற்பத்திரண்டு வயது. சாகிற மாதிரி எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னால் செய்துவிடுவது நல்லது.

போர்டு ஸ்டெல்லா

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஹைவே ஓரமாக இருந்தது எங்கள் ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். இப்போது அங்கே வேறு முதலாளி, வேறு பெயர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற நாலாம் லைனில் எனக்கு வேலை.

என் ஊர் மாதனூர். எங்கள் ஊர் பஸ்தான் முதலில் வந்து சேரும். பெல் அடிக்க இருபது நிமிஷம் இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் தலை வாரிக்கொள்வார்கள், பூ வைத்துக்கொள்வார்கள், மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். நான் போர்டு எழுதுவேன்.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கம்பெனியில் மூன்று ஸ்டெல்லா இருந்ததால் என்னைப் 'போர்டு ஸ்டெல்லா' என்று கூப்பிட்டார்கள்.

பலகையின் மேல் பக்கம் தேதி. அடிப்பக்கத்தில் அன்றைக்கு ஒவ்வொரு லைனும் எத்தனை ஜோடி முடிக்கவேண்டும் என்கிற டார்கெட். அதை புரொடக்‌ஷன் ஆபீசில் இருந்து வந்து சிவப்பு சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது. நடுவில் 'உடைந்த ஊசியை ஒப்படைக்கவும்' மாதிரி ஒரு வரி எழுதினால் என் வேலை முடிந்தது.

காலியாக இருக்கிற பலகையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். 'வரலாற்றில் இன்று' என்று ஒரு தலைப்பைப் போட்டு, நம் மாநிலத்தில் அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று தினமும் இரண்டு வரி எழுத ஆரம்பித்தேன். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். இல்லாத நாளுக்கு என் அண்ணன் மகளின் பாடப் புத்தகம்.

நவம்பர் ஒன்றாம் தேதி வந்தால் மாநிலத்தின் எல்லை பிரித்த கதை. ஜூலை பதினெட்டு வந்தால், தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டசபையில் தீர்மானம் போட்ட கதை. எதை எழுதினாலும் கோமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "அன்னைக்கு லீவு விட்டாங்களா?"

நூர் அக்காவின் கேள்வி வேறு. "சென்னைன்னு எழுதற, மதுரைன்னு எழுதற, தூத்துக்குடின்னு எழுதற. நம்ம பக்கம் ஒண்ணுமே நடக்கலியா?"

"நடந்துருக்குதுக்கா. ஜூலை பத்து வரட்டும், இரு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அப்போது ஆம்பூரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மாவட்டத்தை மூன்றாக்கி எங்களைத் திருப்பத்தூரில் சேர்த்துவிட்டார்கள். சிப்பாய்கள் எழுந்த வேலூர்க் கோட்டை பக்கத்து மாவட்டத்தோடு நின்றுவிட்டது. இருந்தாலும் ஜூலை பத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பூப்போட்ட டோக்கன்

டோக்கன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லைனில் அறுபது பெண்கள். பாத்ரூம் போகவேண்டுமானால் டோக்கன் வேண்டும். லைனுக்கு இரண்டே டோக்கன். கழிவுத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்டு, தோல் கயிறு கோத்து, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைக் கையில் எடுத்துப் போனால் போதாது. கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். சீட்டை விட்டு எழுந்தவள் சும்மா சுற்றுகிறாளா, பாத்ரூம் போகிறாளா என்று தூரத்தில் இருந்தே தெரியவேண்டுமாம்.

இந்த ஏற்பாடு வந்த அன்று எங்கள் சூப்பர்வைசர் பாபு என்னிடம் இரண்டு தோல் துண்டுகளைக் கொடுத்தார். "ஸ்டெல்லா, உன் கையெழுத்துல 'லைன் 4'னு எழுதிக் குடும்மா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? தோலில் பூ வடிவ ஓட்டை போடும் பஞ்ச் கருவியை எடுத்து, ஓரம் முழுக்கப் பூப் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மற்ற லைன் சூப்பர்வைசர்களும் வந்து, எங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. ஒருத்தி கழுத்து வியர்வை காயும் முன் அடுத்தவள் கழுத்துக்கு அது போகும். கயிறு எப்போதும் ஈரமாகவே இருக்கும். கழுத்தில் பட்ட இடம் அரிக்கும். அதைவிட, மாட்டிக்கொண்டு நடக்கும்போது எல்லாக் கண்ணும் நம்மைப் பார்க்கும். எங்கே போகிறாள், எத்தனையாவது தடவை, இந்த மாசம் அவளுக்கு எந்த நாள் என்று எல்லாம் ஊருக்கே தெரியும்.

"டேனரில தோலுக்குத்தான் நம்பர் குத்துவாங்க. நமக்குப் பரவால்ல, பூப்போட்டு மாட்டியிருக்காங்க" என்றாள் கோமதி, என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குச் சுருக்கென்றது.

ஆண்கள் வேலை செய்யும் பக்கம் டோக்கன் கிடையாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டோக்கன் கேட்கப் பிடிக்காமல் நாங்கள் எல்லோரும் வேறொரு வழி கண்டுபிடித்தோம். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டோம்.

ஊசி முனை

நூர் அக்கா பிறந்தது மேல்விஷாரம், வாழ்க்கைப்பட்டது ஆம்பூர். புருஷன் இல்லை. ஒரே மகள் ஹாஜிரா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டிய உடம்பு, அடிக்கடி எழுந்து போகவேண்டிய உடம்பு. அவள் மாத்திரையைக்கூடத் தண்ணீர் இல்லாமல்தான் விழுங்குவாள்.

ஷூ கம்பெனியில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கவேண்டும். முழு ஊசியாகச் சேர்த்துவைத்து, பேப்பரில் ஒட்டி, நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. துண்டு கிடைக்கும்வரை அந்த இடத்தில் வேலை நிற்கும். தோலுக்குள் மாட்டிக்கொண்ட முனை எங்கோ ஒரு குழந்தையின் காலில் ஏறிவிடும் இல்லையா? நல்ல விதிதான். குறை சொல்லமாட்டேன்.

ஜூன் மாசம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், 'டக்' என்று சத்தம் கேட்டது. நூர் அக்காவின் மெஷின். நான் உடனே குனிந்து தரையில் ஊசி முனையைத் தேடினேன். கோமதியும் குனிந்தாள். பாபுவும் ஓடிவந்து குனிந்தார். மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். முனை எனக்குத்தான் கிடைத்தது. "கிடைச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அப்போதுதான் நூர் அக்கா மெஷின்மேல் தலை சாய்ந்து நினைவில்லாமல் கிடப்பதைப் பார்த்தேன்.

இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஊசியைத் தேடிய பிறகுதான் ஆளைப் பார்த்திருக்கிறேன். ஷூ கம்பெனிக்காரியைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள்.

முதலுதவி அறையில் நர்சம்மா கேட்டார். "காலைல இருந்து தண்ணி குடிச்சீங்களா?"

அக்கா கண்ணைத் திறந்து சிரித்தாள். "குடிச்சா டோக்கன் கேக்கணுமே சிஸ்டர். ரெண்டும் வெளிய போயிருக்குதே."

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இப்படியே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "ஜூலையோட நின்னுட்றேன் ஸ்டெல்லா. ஹாஜிரா படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்குது. இன்னா பண்றது, பாதில நிறுத்த வேண்டியதுதான்."

அவள் கழுத்தில் அத்தனை நாள் தொங்கியது என் கையெழுத்து.

தொப்பியும் நானும்

ஜூலை பத்துக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது டீச்சர் இந்தப் பாடத்தை நடத்தினார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களுக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள், அதில் தோல் வைத்திருந்தார்கள், தோல் தீட்டு என்று சிப்பாய்கள் மறுத்தார்கள் என்று வாசித்தார். வகுப்பில் இருந்த பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் அப்பாவுக்கு டேனரியில் தோல் பதனிடும் வேலை. அவர் சட்டையில் வந்த வாசனை என் யூனிபார்மிலும் வரும். தோல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதைத் தொடமாட்டோம் என்று சண்டை போட்டவர்களுக்கு நான் எதற்குக் கைதட்டவேண்டும்? அன்று அந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோதும் விட்டுவிட்டேன். அவ்வளவு கோபம்.

நூர் அக்காவுக்கு ஜூலை பத்து வரட்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே! முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் மகளின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நெற்றியில் எதையும் பூசக்கூடாது, தாடியை எடுக்கவேண்டும், இந்தத் தலைப்பாகையைத்தான் வைக்கவேண்டும், மறுத்தால் கசையடி என்று இருந்தது. படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினேன். அவர்களுக்குத் தோல் தீட்டாக இருந்திருக்கலாம். அது அவர்கள் பாடு. ஆனால் கேட்காமல் கொள்ளாமல் ஒருத்தன் தலையில் எதையோ கொண்டுவந்து மாட்டுகிறானே, அந்த இடம் எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்களுக்கு அது கழுத்தில் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை இரண்டு வரியில் நிற்கவில்லை. நம் ஊர்ச் சங்கதி என்கிற வேகத்தில் பலகை முழுக்க எழுதினேன். இப்படி:

'வரலாற்றில் இன்று. ஜூலை 10. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் வைத்த தலைப்பாகையை அணியச் சொல்லி உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். சிப்பாய்கள் தலையில் வைக்க மாட்டோம் என்றார்கள். அதன் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.'

அதற்குமேல் இடம் இல்லை. கீழே சிவப்பு எழுத்து டார்கெட் இருந்தது.

மாட்ட மாட்டோம்

பத்து மணி இருக்கும். நூர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். பாபுவின் மேஜையைத் தாண்டி நடந்தாள். ஆணியில் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"நூர்க்கா, டோக்கன்?" என்றார் பாபு.

"வேணாம் பாபு. மாட்ட மாட்டோம்."

பாபுவுக்கு விளங்கவில்லை. "இன்னாக்கா சொல்றீங்க?"

"கேட்ல போர்டு படிக்கலியா நீ? போய்ப் படி." சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, உட்கார்ந்து, விட்ட இடத்தில் இருந்து தைக்க ஆரம்பித்தாள்.

அடுத்து கோமதி எழுந்தாள். பாபு வாயைத் திறப்பதற்குள், "நானும் மாட்ட மாட்டேன் சார். போய்ட்டு வந்துட்றேன்" என்றாள். அவள் வந்ததும் பின் வரிசையில் இருந்து ஒருத்தி. அவள் வந்ததும் இன்னொருத்தி. யாரும் கத்தவில்லை. யாரும் வேலையை நிறுத்தவில்லை. ஒருத்தி எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். டோக்கன் இரண்டும் ஆணியிலேயே தொங்கின.

நான் மட்டும் எழவில்லை. பயம்தான், வேறென்ன? என் இளையவள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை போனால் என்ன செய்வது? எழுதுவதற்கு இருந்த தைரியம் எழுந்து நடப்பதற்கு இல்லை.

பதினொன்றரைக்குள் மூன்றாம் லைனுக்கும் ஐந்தாம் லைனுக்கும் விஷயம் போய்விட்டது. அங்கேயும் டோக்கன்கள் ஆணியை விட்டு இறங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் இருந்து ஆள் வந்தது. "போர்டு ஸ்டெல்லாவை ஹெச்.ஆர். சார் கூப்பிட்றாரு."

எழுந்து நடந்தேன். பாபுவின் மேஜையைத் தாண்டும்போது பழக்கத்தில் கை ஆணிப் பக்கம் போனது. நூர் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

கண்ணாடி அறை

ஹெச்.ஆர். சார் மெட்ராஸ்காரர். கெட்டவர் என்று சொல்லமுடியாது. கோபம் வந்தால் பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். அன்று மூடிக்கொண்டே இருந்தார்.

"யாரும்மா உன்னை இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். காலண்டர்ல இருந்துச்சி."

"காலண்டர்ல ஒரு வரிதானே இருக்கும்? நீ போர்டு பூரா எழுதியிருக்க."

"நம்ம ஊரு சார். அதான் கொஞ்சம் ஜாஸ்தியாப் போய்டுச்சி."

"இவ்ளோ எழுதினியே, அந்த சிப்பாய்ங்க கதி கடைசில என்னாச்சு, அதை ஏன் எழுதல? ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்தது. நூத்துக்கணக்குல கொன்னு போட்டாங்க. ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சிபோச்சு. அதையும் எழுதியிருக்கணுமா இல்லியா?"

"போர்டுல இடம் இல்ல சார்."

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. நிறுத்தவில்லை. "ஆனா அந்தத் தொப்பி திரும்ப வரல சார்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "போய் அழிச்சிட்டு வா."

"மன்னிச்சிக்குங்க சார். இன்னைக்கு வேலூர்ல, கோட்டைக்கு எதிர்ல இருக்குதே நினைவுத் தூண், அதுக்குக் கலெக்டரே மாலை வெப்பாரு. வேணும்னா நீங்க அழிச்சிடுங்க. என் கையால அழிக்க மாட்டேன்."

இதை நானா சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு பெல் அடித்தது. சாதாரணமாக அந்த பெல் அடித்தால் எல்லோரும் கேன்டீன் பக்கம் ஓடுவார்கள். அன்று காலடிச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலில் நூர் அக்கா, பக்கத்தில் கோமதி. அவர்களுக்குப் பின்னால் நாலாம் லைன் முழுக்க. அதற்குப் பின்னால் யார் யார் என்று எண்ணமுடியவில்லை.

ஹெச்.ஆர். சார் கதவைத் திறந்தார். "என்ன இது கூட்டம்?"

"கூட்டம் இல்ல சார், சாப்பாட்டு நேரம்" என்றாள் கோமதி. "டோக்கன் வேணாம்னு சொல்ல வந்தோம். ஸ்டெல்லாவை விட்ருங்க. அவ எழுதத்தான் எழுதினா. இன்னும் எழுந்துகூடப் போகல, பாவம்."

மானம் போனது. ஆனால் உண்மை.

"டோக்கன் இல்லன்னா எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து போவீங்க. லைன் நின்னுபோகும். அதுக்குத்தானே வெச்சது?" என்றார் அவர்.

நூர் அக்கா முன்னால் வந்தாள். அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. "சார், காலைல பத்து மணிலேர்ந்து டோக்கன் இல்லாமத்தான் போறோம். லைன் நின்னுச்சான்னு பாபுவக் கேளுங்க."

எல்லோரும் பாபுவைப் பார்த்தோம். மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று எழுதும் அட்டை அவர் கையில் இருந்தது. அவருக்கும் குடும்பம் உண்டு, அவருக்கும் மேலே ஆள் உண்டு. அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நிக்கல சார்" என்றார். "நேத்து இதே நேரத்துக்கு வந்ததைவிட இன்னைக்கு ஜாஸ்திதான் வந்திருக்குது."

அட்டையை அவரிடம் நீட்டினார். ஹெச்.ஆர். சார் வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

"அந்த டோக்கன் ஐடியாவே என்னுது இல்ல" என்றார் கடைசியில். யாருடையது என்று இன்றுவரைக்கும் தெரியாது. "சரி. எடுத்துடுங்க. எல்லா லைன்லயும்."

பின்னால் ஒரு கூச்சல் கிளம்பியது. கோமதி மட்டும் நகரவில்லை. "வாய்ல சொன்னா பத்தாது சார். நாளைக்கு வேற ஆள் வருவாரு, இல்லன்னு சொல்வாரு. போர்டுல எழுதச் சொல்லுங்க. எல்லா பஸ்லயும் வர்றவங்க படிக்கட்டும்."

சிவப்பு எழுத்து

கேட்டுக்கு நான் முன்னால் போக, எல்லோரும் பின்னால் வந்தார்கள். ஹெச்.ஆர். சாரும் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, "இடமே இல்லியேம்மா" என்றார்.

இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரையும் கேட்கவில்லை. துப்பட்டா முனையை எடுத்து, அடியில் இருந்த சிவப்பு டார்கெட்டை இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம்வரை அழித்தேன். வாட்ச்மேன் "ஏ, ஏ" என்று ஓடிவந்தார். ஹெச்.ஆர். சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

அந்த இடத்தில், என் நல்ல கையெழுத்தில், வெள்ளை சாக்பீஸால் எழுதினேன். 'இன்று முதல் எந்த லைனிலும் டோக்கன் கிடையாது.'

எழுதிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தலைப்பை நான் மாற்றவில்லை. 'வரலாற்றில் இன்று' என்பதற்குக் கீழே கோட்டைச் சிப்பாய்கள், அவர்களுக்குக் கீழே நாங்கள். நூர் அக்கா விரலை வைத்து அந்தக் கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி முதலில் இருந்து படித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோமதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கேட்டால் சாக்பீஸ் தூசு என்பாள்.

உள்ளே போய் ஆணியில் இருந்த இரண்டு டோக்கனையும் நானே எடுத்தேன். பூப்போட்டவள் நான்தானே? தோல் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கழிவு மூட்டையில் போட்டேன்.

நூர் அக்கா ஜூலையோடு நிற்கவில்லை. ஹாஜிரா படிப்பை முடித்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தபிறகும் இரண்டு வருஷம் தைத்தாள். மகள் போதும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் மெஷினை விட்டாள். வருஷா வருஷம் ஜூலை பத்தாம் தேதி காலையில் எனக்கு அவளிடம் இருந்து போன் வரும். "இன்னிக்கு இன்னா எழுதின?" என்று கேட்பாள்.

அன்று சாயங்காலத்தைச் சொல்லாமல் முடிக்கமுடியாது.

வேலை முடிந்ததும் அக்கா கேன்டீனுக்குப் போய்த் தண்ணீர் பில்டருக்கு முன்னால் நின்றாள். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பினாள். நின்ற இடத்திலேயே முழுசாகக் குடித்தாள். திரும்ப நிரப்பி அதையும் பாதி குடித்தாள். தண்ணீர் அவள் மோவாயில் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்தது. சுற்றி நின்று நாங்கள் கைதட்டினோம். அவளைப் பார்த்து எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் குடித்தோம். சாராயம் குடித்தவர்கள்கூட அவ்வளவு சிரித்திருக்கமாட்டார்கள்.

பஸ் கிளம்பி ஹைவேயில் ஏறியது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நூர் அக்கா என் தோளைத் தட்டினாள்.

"ஸ்டெல்லா, பேஜாரா இருக்குதும்மா. வண்டிய நிறுத்தச் சொல்லு."

கோமதி எழுந்து நின்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, பெட்ரோல் பங்க்ல ஓரமா நிறுத்துங்க. நூர்க்கா இறங்கணும்."

பஸ் நின்றது. அக்கா இறங்கினாள். படியில் நின்று உள்ளே திரும்பிப் பார்த்து, "வேற யாருக்காவது போகணுமா?" என்று கேட்டாள். காலையில் இருந்து பாத்ரூமுக்கு எழுந்திருக்காத நான் எழுந்தேன். எனக்குப் பின்னால் மொத்த பஸ்ஸும் எழுந்தது. வெறும் கழுத்தோடு, வரிசையாக, சத்தமாகச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனோம்.